எந்தக் கூச்சம்?

தமிழில் எனக்கு ஒரே ஒரு சொல்லின் மேல்தான் தீராத கோபம். கூச்சம். ஐஸைக் கடித்தால் பல் கூசுகிறது, வெயிலில் இறங்கினால் கண் கூசுகிறது, விலாவில் யாராவது விரல் வைத்தால் உடம்பு கூசுகிறது. நான்கு பேர் முன்னால் பேச வாய் வராவிட்டால் அதற்கும் கூச்சம் என்றே சொல்கிறோம். தோலுக்கு ஒரு சொல், மனசுக்கு ஒரு சொல் என்று பிரித்து வைத்திருக்கக் கூடாதா? பிரிக்காமல் விட்டதால் ஒரு கல்யாணம் முறியும் அளவுக்குப் போனதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, வேலை வாங்கித் தருகிற இடம் என்று நினைத்து பயோடேட்டாவோடு படியேறி வந்தவர்கள் உண்டு. மற்றவர்கள் டாக்டரம்மா என்பார்கள். டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம், விட்டுவிட்டேன். சத்தம், வெளிச்சம், வாசம், ருசி, தொடுகை, அசைவு இதெல்லாம் ஒருவருக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது, எது அவரைப் பாடாய்ப் படுத்துகிறது, எது அவருக்குப் போதவில்லை என்று கேட்டு மதிப்பிடுவது என் வேலைகளில் ஒன்று.

இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்பவர்கள் பலர். எனக்குப் பிடித்தது வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும்தான். சின்னப் பிள்ளைக்குச் சத்தம் பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்தும். பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். தலைவலி என்பார்கள், பசியில்லை என்பார்கள், எனக்கு இந்தக் கூட்டமெல்லாம் ஒத்துவராது என்பார்கள். பத்தாம் வகுப்பு வருவதற்குள் எல்லோரும் இந்தக் காரணங்களில் கைதேர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. அதில் நான் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்ளவும் எனக்குத் தயக்கமில்லை.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினால் என் பாடப்புத்தகம் முழுவதும் சீட்டு சீட்டாக உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறுவதும் தெரியாமல், இறங்க வேண்டிய இடம் வந்ததும் தெரியாமல், கண்டக்டர் தட்டுகிறவரை அசையாத ஒருவர். அதே ஸ்பீக்கருக்கு அடியில்தான் இடம் வேண்டும் என்று தேடிப் போகிற இன்னொருவர், அது நான்தான். ஒவ்வொரு ஹாரனுக்கும் முகம் சுளித்தபடி, ஆனாலும் எழுந்து போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற ஒரு பெண். கூட்டத்தைப் பார்த்ததுமே "நீங்க போங்க, நான் அடுத்த வண்டில வாரேன்" என்று கீழேயே நின்றுவிடுகிற ஒரு பெரியவர். எதுவும் உறைக்காதவர், தேடுபவர், எல்லாமே உறைப்பவர், ஒதுங்குபவர். எல்லோரிடமும் இந்த நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எது அளவுக்கு மிஞ்சி நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். இதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. இது வியாதியின் பெயரும் இல்லை.

என் அறைக்குக் கீழே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. "இந்த எரைச்சலுக்கு மேலயா உக்காந்து வைத்தியம் பாக்கிய?" என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கு அது பெரிய வசதி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கீழே ஒரு ஜார் சுற்றும். அப்போது எதிரில் இருப்பவரின் தோள் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதி வேலைக்குக் கேள்வித்தாள். அது வெளிநாட்டில் பிறந்தது. அதில் இருக்கிற சத்தங்கள் நம் தெருவில் இல்லை. கேள்வியை மாற்ற எனக்கு உரிமையில்லை, ஆனால் புரியாதவருக்கு நம்மூர் உதாரணம் சொல்லலாம். எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசினால் என்ன செய்கிறது? கல்யாணப் பந்தியில் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நின்றால் சோறு இறங்குமா? பால்கோவா கிண்டுகிற கடை வாசலைத் தாண்டும்போது நாக்கு ஊறுமா, குமட்டுமா? இப்படிக் கேட்டால் எப்போதுமா, எப்போதாவதா, இல்லவே இல்லையா என்று டக்கென்று பதில் வந்துவிடும்.

யார் பதில் சொல்வது என்பதுதான் பெரும்பாடு. மகனைக் கேட்டால் அம்மா சொல்வாள், மனைவியைக் கேட்டால் புருஷன் சொல்வான். "அவனுக்கு என்ன தெரியும், நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க." எனக்குச் சுள்ளென்று வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா, மகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் அவள் சொன்னாள், டியூஷனில் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனின் கிறீச்சைத் தவிர வேறு எதுவும் தன் காதில் விழுவதில்லை என்று. உட்காரும் இடத்தை மாற்றினோம், பெண் படித்தாள். அன்றிலிருந்து என் அறையில் ஒரே சட்டம்தான். தோல் யாருடையதோ, பதிலும் அவருடையது.

நான் சொன்ன அந்தக் கல்யாண வீட்டு அம்மா வந்தது ஆவணி தொடக்கத்தில். ராஜபாளையத்துக்கு மேற்கே தோப்பும் வயலும் உள்ள குடும்பம். கூடவே மகன், ராணுவத்தில் இருப்பவர். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை அவரைவிட விறைப்பாக இருந்தது.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. "எம் மருமகளுக்கு மூளை சரியில்லன்னு ஒரு பேப்பர் வேணும் டாக்டரம்மா. அது இருந்தா கோர்ட்டுல சுளுவாப் பிரிச்சு விட்டுருவாவளாம்."

"அந்தப் பிள்ளை அப்படி என்னதான் செய்யுது?" என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார்.

வைகாசியில் கல்யாணம். பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பெண் பார்க்கப் போன அன்றே பெண்ணின் அம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: "எங்க பிள்ளைக்குச் சின்னதுலயிருந்தே கூச்சம் கொஞ்சம் ஜாஸ்தி, பாத்துக்கிடுங்க." மாப்பிள்ளை வீட்டாருக்கு வாயெல்லாம் பல். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று பூரித்துப்போய் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். வந்த மருமகளோ, மாமியார் தலையில் பூ வைக்கப் போனால் துள்ளி விலகுகிறாள். புருஷன் தோளில் கை வைத்தால் அந்த இடத்தைத் தேய்த்துத் துடைக்கிறாள். பட்டுச்சேலை கட்டச் சொன்னால் கண்ணீர், குக்கர் விசில் அடித்தால் கொல்லைப்புறத்துக்கு ஓட்டம். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனவளை, ஆவணி பிறந்தும் கூப்பிட யாரும் போகவில்லை.

"வெக்கம்னா நாளாக நாளாகக் கொறையணும்லா? இவளுக்குக் கூடிக்கிட்டே போவுது. எம் மகன் மேல அருவருப்பு. வேற என்னத்தச் சொல்ல?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வடக்கே குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. மனைவியைக் கூட்டிப் போகத்தான் அவசரமாக லீவு வாங்கி வந்திருக்கிறார். இந்த லீவு முடிவதற்குள் அவள் அவரோடு ரயில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் வக்கீலைப் பார்க்க வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

"ஆளைப் பாக்காம இங்க பேப்பர் தாரது இல்ல. பிள்ளையக் கூட்டியாங்க" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். இல்லாத இடத்தில் ஒருத்தியைப் பைத்தியம் என்று எழுதச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அடுத்த முறை எல்லோரும் வந்தார்கள். பெண்ணும் அவள் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரு பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். பெண் என் எதிரில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு கைப்பை. அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். கீழே ஒரு ஜார் சுற்றியது. அவள் தோள் இரண்டும் காது வரை ஏறின. நான் பேனாவை எடுத்தேன்.

துணி பற்றி முதல் கேள்வியைக் கேட்டதுமே மாமியார், "பட்டுன்னா ஆகாது, எம்புட்டு ஆசையா எடுத்தோம் தெரியுமா" என்றார். "எங்க வீட்டுல இருக்கும்போது கட்டுவாளே" என்றார் பெண்ணின் அம்மா. இரண்டு பேரையும் கீழே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். ஒரே பெஞ்சில் சேர்ந்து உட்கார மாட்டாதவர்கள் சேர்ந்து படியிறங்கினார்கள். என் குரலுக்கு அந்த அளவுக்குப் பலன் உண்டு. புருஷனை வராந்தாவில் நிறுத்தினேன்.

கதவு மூடியதும் அந்தப் பெண் பேசினாள் பாருங்கள். பி.காம். படித்தவள், கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசி கப் வாங்கியவளாம்.

"எனக்குக் கூச்சம்னு ஊரே சொல்லுது மேடம். மேடையில ஏத்தி விடுங்க, எம்புட்டு நேரம்னாலும் பேசுவேன். மைக்கு கீச்சுன்னு கத்தாம இருந்தாப் போதும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் கேள்விகளுக்குப் போனோம். ஜரிகை உடம்பில் படுவது, ஜாக்கெட் கழுத்தில் தைத்திருக்கிற சீட்டு, பூச்சரத்தின் நார் பிடரியில் உரசுவது, யாராவது லேசாக இடித்துக்கொண்டு போவது, திடீர்ச் சத்தம். இதெல்லாம் தொந்தரவு செய்யுமா என்றால் எப்போதும், எப்போதும், எப்போதும் என்று வந்தது. வாசத்திலும் ருசியிலும் ஊரோடு ஒத்துப்போனாள்.

"லேசாத் தொட்டா எறும்பு ஊருத மாதிரி இருக்கும் மேடம். தேச்சு விட்டாத்தான் போவும்."

"வீட்டுக்காரர்ட்ட இதச் சொன்னியாம்மா?"

"சொல்லாம இருப்பேனா? எனக்குக் கூசுதுன்னு சொன்னேன். அவிய சிரிச்சிட்டு, போகப்போகச் சரியாயிரும்னுட்டாவ."

பேனாவைக் கீழே வைத்தேன். பெண் பார்த்த அன்று வெற்றிலைத் தட்டில் உட்கார்ந்த அந்தச் சொல், படுக்கையறை வரைக்கும் கூடவே போயிருக்கிறது. இவள் தன் தோலைச் சொல்லியிருக்கிறாள். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கிறார். எனக்கு இருவர் மேலும் இரக்கம் வந்தது.

பதில்களைக் கூட்டிப் பார்த்தேன். தொடுகையிலும் சத்தத்திலும் அவளுக்கு உறைப்பதும் அவள் ஒதுங்குவதும் பெரும்பாலானவர்களைவிட வெகு அதிகம். நான் நினைத்ததுதான். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, இது மூளைக் கோளாறும் இல்லை, வெறுப்பும் இல்லை, உடம்புக் கூச்சம், பிறந்ததிலிருந்தே இருப்பது என்று சொன்னேன். பெண்ணின் அம்மா, "இதத்தான நானும் அன்னைக்கே சொன்னேன்" என்று முணுமுணுத்தார். மாமியார் அசரவில்லை. கையிலிருந்த துருப்புச்சீட்டை இறக்கினார்.

"உடம்புக் கூச்சமா? அப்பிடின்னா ஆனி மாசம் அய்யனார் கோவில் அருவிக்குப் போனோமே, அங்க என்ன ஆச்சு? நாங்கல்லாம் குளிச்சு ஏறியாச்சு. இவ மட்டும் அருவிக்கு நடுவுல போயி நிக்கா, நிக்கா, நின்னுக்கிட்டே இருக்கா. நான் ஒத்த விரல் வச்சாத் துள்ளுதவ, அம்புட்டுத் தண்ணி மண்டையில விழுததை எப்பிடித் தாங்குனா? எல்லாம் நடிப்பு டாக்டரம்மா, நடிப்பு!"

மகன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். அவர் மனசிலும் இதே கேள்விதான் கிடந்திருக்கிறது என்று தெரிந்தது. அதுவரை தைரியமாக இருந்த அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அருவிக்குள் ஏன் அத்தனை நேரம் நின்றோம் என்று அவளுக்கே தெரியாது.

எனக்கோ நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. இதைவிட நல்ல சாட்சியை நானே ஊரெல்லாம் தேடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. லேசான தொடுகையும் பலமான அழுத்தமும் உடம்புக்கு வேறு வேறு. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு முதலாவது முள், இரண்டாவது மருந்து. மடியில் அவள் இறுக்கிக்கொண்டிருந்த கைப்பையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அருவி அதை உறுதி செய்துவிட்டது.

"வாங்க, இங்க வந்து நில்லுங்க" என்று மாமியாரைக் கூப்பிட்டேன். பெண்ணிடம் சம்மதம் கேட்டேன், தலையாட்டினாள். "வீட்டுல எப்பிடித் தொடுவியளோ அப்பிடித் தொடுங்க" என்றேன். அவர் விரல் நுனியால் மெல்லத் தோளைத் தடவினார். பெண் துள்ளினாள். "பாத்தியளா, பாத்தியளா" என்றார் மாமியார்.

"இப்போ முழுக் கையும் வைங்க. அழுத்துங்க. பயப்படாதிய, இன்னும் அழுத்துங்க."

வயல் வேலைக்குப் பழகிய கனமான உள்ளங்கை. அது தோளில் அழுந்தி உட்கார்ந்தது. பெண் அசையவில்லை. ஏறியிருந்த தோள்கள் இறங்கின, ஒரு நீண்ட மூச்சு வந்தது. கீழே ஜார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மாமியார் கையை எடுக்கவே இல்லை. மருமகளின் உச்சந்தலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூச்சப்படுத பிள்ளையாச்சேன்னு இம்புட்டு நாளும் பூ மாதிரில்லா தொட்டேன்" என்றார்.

அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் அந்த இடத்தில் போய்விட்டது. பாவம், அன்பாகத்தான் தொட்டிருக்கிறார். புருஷனும் அப்படித்தான். புதுப்பெண், வெட்கப்படுகிறாள் என்று பயந்து பயந்து, பட்டும் படாமலும். இரண்டு பேருடைய பிரியமும் எறும்பாக ஊர்ந்திருக்கிறது அவள் மேல்.

மாமியாரையும் அம்மாவையும் வைத்துக்கொண்டே, மகனுக்கும் அதே கேள்விகளைக் கேட்டேன். ஒரு வீட்டில் ஒருவரை மட்டும் அளந்தால் கணக்கு பாதிதான். அவர் என் ரகம், தேடுபவர். டி.வி. சத்தம் போதாது, பைக் சத்தம் போதாது, போனில் பாட்டு வைத்தால் தெருவுக்கே கேட்க வேண்டும். "கஞ்சி போடாத சட்டை போட்டா சட்டை போட்ட மாதிரியே இருக்காது மேடம்" என்றார் பெருமையாக. சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ உறைத்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ என் மேல..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே வரவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்க அவருக்குத்தான் கூச்சம்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் பக்கம் திரும்பி, பட்டிமன்றக் குரலில், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சொன்னாள்: "எனக்கு அவிய மேல கூச்சமே கெடையாது அத்தை. அவிய சட்டை மேலதான்."

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மூளையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. "இத வச்சுக் கோர்ட்டுல விசிறிக்கிடத்தான் முடியும்" என்று மாமியாரிடம் சொல்லியே கொடுத்தேன். பழைய பருத்திச் சேலை, நார் தெரியாமல் நூலில் கட்டிய பூ, விசில் வருவதற்கு முன்னால் ஒரு குரல், அவர் கேட்கிற பாட்டுக்கு இயர்போன், தொட்டால் அழுத்தித் தொடுவது. இவ்வளவுதான் என் வைத்தியம். இதனால் கூச்சம் ஓடிப்போய்விடாது என்பதையும் சொன்னேன். எப்படிக் கூட வைத்து வாழ்வது என்று தெரிந்துவிட்டால் போதும், அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகன் எல்லாவற்றையும் உத்தரவு வாங்குகிறவர் போலக் கேட்டுக்கொண்டார். லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று மாமியார் படியிறங்கினார்.

பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. சந்தேகம் இல்லை என்று சொன்னேனே தவிர, பஸ்ஸில் ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்தும் பாட்டு காதில் ஏறவில்லை.

ஒரு மத்தியானம் மூன்று பேரும் வந்து நின்றார்கள், மாமியார், மகன், மருமகள். மகனும் மருமகளும் மதுரைக்குப் போய் ரயில் ஏறப் போகிறார்களாம், போகிற வழியில் சொல்லிவிட்டுப் போக வந்தார்களாம். நான் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய சட்டையைத்தான் பார்த்தேன். கஞ்சி இல்லை, இஸ்திரி இல்லை. பலமுறை துவைத்துத் தொய்ந்துபோன பருத்திச் சட்டை. காலர் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தது. போட்டிருப்பவருக்கு அது எவ்வளவு அசௌகரியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பட்டாளத்துக்காரன் மாதிரியா இருக்கான், பாருங்க. வழியில பாக்குதவிய என்ன நெனப்பாவ?" என்று மாமியார் என்னிடம் முறையிட்டார். அந்தப் பெண் சிரித்தாள். போய்விட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் இறங்கியதும் வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கீழே பார்த்தேன். கடைத்தெரு நெரிசல், ஹாரன், மிக்ஸி இரைச்சல். அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு, அன்றைக்கு அந்தக் கைப்பையை இறுக்கிய மாதிரியே, புருஷனின் கையை இரண்டு கையாலும் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் நடந்தாள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போன மாமியாருக்குப் பொறுக்கவில்லை. மிக்ஸி சத்தத்துக்கு மேலே, மாடி வரை கேட்கிற மாதிரி கத்தினார்:

"ஏட்டி, நடுரோட்டுல என்னட்டி இது? கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கா ஒனக்கு?"